படம் வருமுன்பே சொன்னவர்கள்

(ஜூன் 26, சித்திரவதைக்குள்ளானோருக்கு ஆதரவான சர்வதேச தினத்தையொட்டிய தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளை நிர்வாணமாக்கி, ஒருவர்மேல் ஒருவராகப் போட்டு எடுத்த படங்களை 2004 ஏப்ரல் 28இல் சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டியது. தலையை மூடி, பெட்டியின் மேல் நிறுத்தி, கைகளில் வயர் கட்டிய மனிதரின் படத்தை நம்மில் பலர் பத்திரிகையில் பார்த்தோம். உலகமே திடுக்கிட்டதாக எழுதினார்கள்.

ஏன் அன்றைக்குத்தான் திடுக்கிட வேண்டும்? விடுதலையான கைதிகள் 2003இலேயே வாய்திறந்து சொல்லிவிட்டார்கள். அந்த நவம்பரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் சார்ள்ஸ் ஹன்லி அதை எழுதினார். பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. 2004 ஜனவரியில் ஜோ டார்பி என்ற சிப்பாய், படங்கள் இருந்த இறுவட்டை இராணுவ விசாரணைப் பிரிவிடம் கொடுத்தார். இராணுவம் சில வரி அறிக்கை விட்டது, அவ்வளவுதான். படம் கைக்கு வந்த பிறகும், தளபதி கேட்டுக்கொண்டார் என்று சிபிஎஸ் இரண்டு வாரம் பொறுத்திருந்தது. நியூயோர்க்கர் சஞ்சிகையில் சீமோர் ஹேர்ஷ் எழுதப்போகிறார் என்று தெரிந்த பிறகே காட்டியது.

கைதியின் வாய்ச்சொல்லுக்கு விலையில்லை. தராசில் கொழுந்து குறைகிறது என்று நாம் சொன்னால் எவ்வளவு மதிப்போ, அவ்வளவுதான்.

பிறகு சொல் விளையாட்டு வந்தது. நடந்தது துஷ்பிரயோகம், சித்திரவதை என்ற சொல்லுக்குள் தாம் போகவில்லை என்றார் பாதுகாப்புச் செயலாளர் ரம்ஸ்பெல்ட். பல அமெரிக்கப் பத்திரிகைகளும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டன. சொல்லில் என்ன என்று கேட்காதீர்கள். சித்திரவதை என்றால், கட்டளை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மேலே போகும். துஷ்பிரயோகம் என்றால் கீழே நின்றவனோடு முடியும். அப்படியே முடிந்தது. 11 சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஜெனரல் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. நம் தோட்டங்களிலும் பிழை கணக்கப்பிள்ளையைத் தாண்டி பங்களாவுக்கு ஏறியதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இன்னொன்று. படத்தில் சிரித்துக்கொண்டு நின்ற சிப்பாய்களின் பெயர் உலகத்துக்கே தெரியும். அவமானப்பட்டவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களைக் கேட்காமலே அவர்களுடைய உடம்பைத் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள்.

இராணுவத்துக்கு விசாரணை ஆட்களை அனுப்பிய ஒரு தனியார் கம்பனி மீது 2008இல் போட்ட வழக்கில், 2024 நவம்பரில் வேர்ஜீனியா ஜூரி தீர்ப்புச் சொன்னது: மூன்று ஈராக்கியருக்கு 42 மில்லியன் டொலர். ஒருவர் பாடசாலை அதிபர், ஒருவர் பழ வியாபாரி, ஒருவர் ஊடகவியலாளர். உலகம் பார்த்த அந்தப் படங்களில் இவர்கள் மூவரும் இல்லை. வாயால் சொன்னார்கள்; ஜூரி நம்பியது.