ஓய்வு நேரமும் நமது கைகளும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு பெறும் பிள்ளைகளைப் பாராட்டிப் பேச இங்கே பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் நான் பேச ஆசைப்படுவது, வீட்டிலே நாம் கொள்ளும் பொழுதுபோக்கைப் பற்றி. "டீச்சருக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். மீதி வரும் வகுத்தல் கணக்கு. ஒரு மாணவி மேசைக்கு அடியில் கையை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் இரண்டு குச்சியும் ஒரு நூலுருண்டையும்! பின்னல் வேலை. கணக்கில் எப்போதும் பின்தங்கிய பிள்ளை அவள். வந்த கோபத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். "கணக்கு வரல, இது மட்டும் வருதா?" என்று வகுப்பில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இது எப்படிம்மா பின்னுறது?" என்று சும்மா கேட்டு வைத்தேன். அவள் சொன்னாள்: "ரெண்டு கண்ணி முன்பக்கமா, ரெண்டு கண்ணி பின்பக்கமா டீச்சர். அதனால நாலு நாலா எண்ணணும். 36 போட்டா சரியா முடியும். 37 போட்டா ஒன்னு மிஞ்சிடும்."

36-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி இல்லை. 37-ஐ வகுத்தால் மீதி 1. வாரம் முழுக்க நான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதானே! அந்தப் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை அல்லவா நான் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன்!

யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடிக் கிடந்த நாள்களில், பாட்டி சொல்லிக்கொடுத்தாராம். பாட்டி ஒரு காலத்தில் துரை பங்களாவில் வேலை பார்த்தபோது, துரைசாணி பின்னுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டவராம்.

பெற்றோர்களே, 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்டபோது ஒரு தந்தை என்னிடம், "இனிமே எதை வச்சு டீச்சர் பிள்ளைய அளக்குறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தேர்வு இருந்த காலத்திலும் நாம் அளக்காமல் விட்டது ஒன்று உண்டு. அதுதான் கை.

நம்முடையவை முரட்டுக் கைகள் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். அப்படியா? பால் மரம் வெட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் சீவி எடுக்கும் பட்டையின் கனம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிக் கட்டையில் பட்டால் மரம் காயப்பட்டுப் போகும். விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவு தவறாமல் வெட்டிய கைகள் நம் தாய் தந்தையர் கைகள். செம்பனைக் காட்டில் உதிரிப் பழத்தைப் பார்த்தே குலையின் பக்குவத்தை அறிகிற கண்கள் நம்முடையவை. இந்தத் திறமையெல்லாம் பகலில் சம்பளத்துக்குப் போய்விடுகிறது. மாலையில் ஒரு அரை மணி நேரமாவது அந்தக் கை நமக்காகவே வேலை செய்ய வேண்டாமா?

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பல ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். மாலையானால் லயத்து வாசலில் கீரை, கறிவேப்பிலை, கனகாம்பரம் என்று ஏதாவது நட்டுக்கொண்டே இருப்பார். தோட்டம் கைமாறியதும் நாங்கள் அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனோம். "காலுக்கு மண்ணு படாத வீடு ஒரு வீடா?" என்றார் அம்மா. அதற்குப் பிறகு பேச்சே குறைந்துவிட்டது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடிதான்.

ஒருநாள் சமையலுக்கு வாங்கிய வெங்காயத்தாளின் வேர்ப்பகுதியைத் தூக்கிப் போட மனமில்லாமல், பழைய மைலோ டின்னில் மண் போட்டு ஊன்றி பால்கனியில் வைத்தார். நான்கைந்து நாளில் பச்சையாய்த் துளிர்த்தது. பிறகு கங்கோங் வந்தது, கறிவேப்பிலை வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு பண்டான் கன்று கொடுத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு ஓயவில்லை. அந்தச் செடிகளால் மாதம் பத்து வெள்ளிகூட மிச்சமாகியிருக்காது. ஆனால் எங்கள் அம்மா எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார்.

இவற்றை ஆரம்பிக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. மீ சாப்பிடக் கொடுக்கும் மூங்கில் குச்சி இரண்டை எடுத்து, நுனியைப் பென்சில் சீவியால் சீவி, உப்புத்தாளில் வழவழவென்று தேயுங்கள். அடிப்பக்கத்தில் ரப்பர் வளையம் சுற்றினால் கண்ணி நழுவாது. பின்னல் ஊசி தயார்! நம் நாட்டு வெயிலுக்குக் கம்பளி வேண்டாம், பருத்தி நூல் போதும். முதலில் 20 கண்ணி போட்டு எல்லா வரிசையையும் ஒரே மாதிரி பின்னினால், சூடான சட்டியைப் பிடிக்க ஒரு துணி கிடைக்கும். தவறு வந்தால் பிரித்துவிட்டு மறுபடி பின்னலாம், நூல் கெட்டுப்போகாது. சிவப்பு மைக்குப் பயந்து போன பிள்ளைக்கு இதைவிட ஆறுதல் என்ன வேண்டும்?

செடி வளர்க்க எண்ணெய்ப் போத்தல், பால் மாவு டின் எதுவானாலும் சரி. அடியில் ஆறேழு துளை போடுங்கள். மண்ணோடு மக்கிய இலையும் கொஞ்சம் மணலும் கலந்து நிரப்புங்கள். தினம் நாலு மணி நேரமாவது வெயில் படவேண்டும். கங்கோங், தண்டுக்கீரை விதை தூவினால் ஏறக்குறைய நாலு வாரத்தில் பறிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். மாடி வீட்டில் இருப்பவர்கள் தடுப்புச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில், அடுக்குமாடியின் மேலிருந்து விழுந்த ஒரு நாற்காலி, கீழே நடந்து போன 15 வயது மாணவனின் உயிரைப் பறித்தது. அதை நாம் மறக்கக் கூடாது.

பெற்றோர்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். பிள்ளை ஒன்றை ஆசையாகச் செய்துகொண்டு வந்து காட்டும்போது, "இதை வித்தா எவ்வளவு கிடைக்கும்?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியிலேயே ஆசை வாடிவிடும். இரண்டாவது, மாலையில் அரை மணி நேரம் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு நீங்களும் உட்காருங்கள். நாம் பார்த்துக்கொண்டே, "நீ பார்க்காதே" என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? மூன்றாவது, "ஆம்பளப் பிள்ளைக்கு ஊசி நூல் எதுக்கு?" என்று சொல்லாதீர்கள். கடற்கரையில் உட்கார்ந்து மீன் வலை பின்னுகிறவர்கள் ஆண்கள்தானே!

கடைசியாக ஒன்று. அந்த மாணவி இப்போது ஆறாம் ஆண்டு. இந்த மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கிறாள். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவாள், சொல்ல மாட்டேன். இன்றைய பரிசுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆனால் இந்த மேசையில் பூஞ்சாடிக்குக் கீழே இருக்கிறதே ஒரு வெள்ளை விரிப்பு, அது அவள் பின்னியது. எழுந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒரு வகுப்பின் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தேன். ஆகையால் ஊரின் முன்னால் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. மகளே, டீச்சரை மன்னித்துவிடு. நீ தலை நிமிர்ந்து பின்னு.