நாலு பேரும் ஆடணும்

ஆளுக்கொரு வேடம் பூண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசியும் பகடை உருட்டியும் ஆடும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'ஹேஸ்ட்' என்றொரு மந்திரம். அதைத் தன்மேல் போட்டுக்கொண்ட மந்திரவாதி ஒரே சுற்றில் இரண்டு மந்திரம் விடலாம். அப்புறம் வாள்வீரனுக்கு என்ன வேலை? வேடிக்கை பார்க்கிறதுதான்!

2003-இல் 3.5 பதிப்பில் திருத்தினார்கள். இரட்டை மந்திரம் போச்சு. பதிலுக்கு, கூட்டாளிகள் பலருக்கும் அது சேர்ந்தே பலித்தது. முழுமூச்சாகத் தாக்குபவனுக்கு ஒரு வெட்டு கூடுதல்.

மந்திரவாதிக்கு நஷ்டம்தானே என்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சும்மா உட்கார்ந்தவன் அடுத்த வாரம் வரமாட்டான். ஆளே இல்லாவிட்டால் மந்திரவாதிக்கு ஆட்டம் ஏது?