கூட்டாளிகளாகச் செல்வோம்

(நம் சங்கத்தின் மறுசந்திப்பு விழா ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது.)



"பத்து நிமிஷத்துக்கு மேல பேசாதேடா" என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். கல்லூரி நாட்களிலும் என் வாயை அடக்கியவர் அவர்தான். ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன்.

சங்கத்தின் நிதியைக் கொண்டு கல்லூரி வாசலில் ஒரு அலங்கார வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நம் ஹாஸ்டலுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் இருக்கும் குடியிருப்புக்கு ஏதாவது செய்யலாம் என்பது இன்னொரு யோசனை. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்காரர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதைச் சொல்லும் முன் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அதில் குற்றவாளி நான்தான்.

1974-ல் இங்கே பி.காம். முடித்தேன். வங்கி வேலை கிடைத்து பம்பாய் போனேன். 1980-ல் மத்திய பம்பாயில் ஒரு கிளையில் அதிகாரியாக இருந்தேன். ஒருநாள் வாழைப்பழக் கூடையை வாசலில் வைத்துவிட்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். நான் தமிழில் பேசுவது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"சார், நம்ம ஊர்க்காரரு மாதிரி இருக்கீங்க. ஒரு கணக்கு போட்டுக் குடுங்க சார். கொஞ்சம் காசு சேர்த்து வச்சிருக்கேன்."

"விலாசம் என்னம்மா?"

"இதோ, எதிர்த்தாப்புல. பிளாட்பாரத்துலதான் சார் இருக்கோம்."

பிளாட்பாரம் விலாசம் ஆகாது. ஏற்கனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்தும் போட வேண்டும். விதி அப்படி. "ரேஷன் கார்டு கொண்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரிடம் கார்டு இருக்காது என்பது எனக்குத் தெரியும். அறிமுகக் கையெழுத்தை நானே ஏற்பாடு செய்திருக்கலாம், மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

1981 ஜூலையில் நடைபாதைவாசிகளை அகற்ற மகாராஷ்டிர அரசு உத்தரவிட்டது. நல்ல மழைக்காலம். எங்கள் கிளைக்கு எதிரே இருந்த குடிசைகளையும் லாரியில் அள்ளிப் போட்டார்கள். சில நாள் கழித்து அந்த அம்மாவைத் தெருவில் பார்த்தேன். "டப்பாவோட போச்சு சார்" என்றார். அவ்வளவுதான். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அந்த உத்தரவை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றார்கள். ஆனாலும் உரிய அறிவிப்பு கொடுத்து, மழைக்காலம் முடிந்தபின் அகற்றலாம் என்றார்கள். ஏழைக்குத் தத்துவம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் சொல்ல வந்த கூட்டணி உருவானது. 1984-ல் ஷீலா படேல் முதலான சிலர் சேர்ந்து 'ஸ்பார்க்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பைகுல்லாவில் ஒரு மாநகராட்சி மருந்தகத்தின் கராஜ்தான் அவர்கள் இடம். 1985-ல் நடைபாதைக் குடும்பங்களை அவர்கள் கணக்கெடுத்தார்கள். சுமார் 6,000 குடும்பங்கள். யார் எந்த ஊர், எத்தனை வருஷமாக இங்கே, என்ன வேலை, என்ன வருமானம், எல்லாம் தாளில் ஏறியது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஜனங்களுக்கு முதல்முறையாக ஒரு பதிவேடு! 1986-ல் அந்த நடைபாதைப் பெண்களே 'மஹிளா மிலன்' என்று சங்கம் அமைத்தார்கள்.

மூன்றாவது பங்காளி தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு. அதன் தலைவர் ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1960-களில் பம்பாய் வந்து, தச்சு வேலை செய்து, மான்கூர்ட் ஜனதா காலனியில் வாழ்ந்தவர். காலனியில் மாநகராட்சி குப்பை அள்ளவில்லை என்று, பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைச் சுமக்கவைத்து, மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டச் செய்தவர். 1976-ல் அந்தக் காலனியே இடிக்கப்பட்டது. வழக்கும் போராட்டமும் மட்டும் போதாது, கணக்கும் சேமிப்பும் நம் கையில் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த இழப்பு கற்றுக்கொடுத்தது. அவருக்கு 2000-ல் ராமன் மக்சேசே விருது கிடைத்தது. 2018-ல் காலமானார்.

எழுத்தறியாத பெண்கள் கணக்கு வைத்த முறையை நான் பார்த்தபோது, வங்கிக்காரனான எனக்கே வெட்கமாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வண்ண வண்ணத் தாள் துண்டுகள். இந்த வண்ணம் ஒரு ரூபாய், அந்த வண்ணம் இரண்டு ரூபாய் என்று பேச்சு. பையைத் தூக்கிப் பார்த்தாலே அவரவர் சேமிப்பு அவரவருக்குத் தெரியும். மருந்துச் செலவோ திடீர் தேவையோ வந்தால் அதிலிருந்தே கடன். யாருக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பவர்களும் அவர்களே. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டபோது, சேலையையே அளவுகோலாக்கிச் சுவரை அளந்து காட்டினார்கள். என் மேஜைக்கு முன்னால் நின்ற அந்த அம்மாவுக்கும் இதெல்லாம் முடிந்திருக்கும். நான்தான் கேட்கவில்லை.

இதனால் என்ன கிடைத்தது? 1995-ல் வந்த மகாராஷ்டிர மறுவாழ்வுக் கொள்கையில் நடைபாதைவாசிகளும் முதல்முறையாக இடம்பெற்றார்கள். மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காக ரயில் பாதையை ஒட்டியிருந்த குடிசைகளை அகற்ற வேண்டி வந்தபோது, 2000-லும் 2001-லுமாகச் சுமார் 60,000 பேர் பலவந்தம் இல்லாமல் இடம் மாறினார்கள். அவர்களைக் கணக்கெடுத்ததிலும், குழுவாகச் சேர்த்து அழைத்துப் போனதிலும் இந்தக் கூட்டணிக்குப் பெரிய பங்கு உண்டு.

புனேயில் 1999 முதல் 2001 வரை 400-க்கும் மேற்பட்ட பொதுக் கழிப்பறைக் கட்டடங்கள் எழுந்தன. கட்டுமானச் செலவு மாநகராட்சியுடையது. வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் குடியிருப்பவர்களும் தொண்டு நிறுவனங்களும் பங்கெடுத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி வரிசை, பிள்ளைகளுக்குச் சின்ன இருக்கை, பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க ஓர் அறை. இதெல்லாம் வரிசையில் நின்று அவதிப்பட்ட பெண்களுக்குத்தான் தோன்றும், என்ஜினியருக்குத் தோன்றுமா? (என்ஜினியர் நண்பர்கள் மன்னிக்கவும்.)

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். மும்பையில் அதே போக்குவரத்துத் திட்டத்தில் பின்னால் இடம்பெயர்ந்தவர்கள் பலர் புகார் செய்தார்கள். வேலை ஓர் இடம், வீடு ஓர் இடம். தண்ணீர், பராமரிப்புச் செலவு, கடைக்காரர்களின் இழப்பு என்று பல கஷ்டங்கள். உலக வங்கியின் ஆய்வுக் குழு விசாரித்தது. 2006-ல் சில மாதங்கள் நிதியும் நிறுத்தி வைக்கப்பட்டது. அரசு, வங்கி, தொண்டு நிறுவனம் எல்லாம் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டால் அந்த மேஜை பெரிதாகிவிடும். அதன் கடைசியில் இருக்கும் ஏழையின் குரல் தலைமாட்டுக்குக் கேட்காமல் போய்விடும். கூட்டு வைப்பவர்கள் அன்றாடம் கவனிக்க வேண்டிய ஆபத்து இது.

இனி நம் வாய்க்கால் கரைக்கு வருவோம். அங்கே இருந்து வந்த ஆயாதானே நம் தட்டுகளைக் கழுவினார்? ஞாயிற்றுக்கிழமை மீந்துபோன சாம்பாரைத் தூக்குவாளியில் வாங்கிப் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் பேத்தி இப்போது அங்கே ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் போய்ப் பார்த்தேன். "சார், எல்லாரும் வந்து என்ன வேணும்னு கேட்டு எழுதிட்டுப் போறாங்க. எழுதினதை எங்ககிட்ட காட்டினதே இல்ல" என்றாள்.

என் சண்டை இதுதான். ஆளுக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்து, போட்டோ எடுத்து, மலரில் போட்டுவிட்டு வரலாம் என்கிறார்கள் நம் நண்பர்கள். நல்ல மனசுதான். ஆனால் அது என் பழைய மேஜைதான். அவர்கள் நிற்பார்கள், நாம் உட்கார்ந்திருப்போம்.

நான் கேட்பது மூன்று. முதலாவது, வீடு வீடாகக் கணக்கெடுப்பை அங்குள்ள பெண்களே செய்யட்டும். நம் மாணவர்கள் உதவிக்குப் போகட்டும். எழுதிய தாளின் ஒரு பிரதி அவர்களிடமே இருக்கட்டும். இரண்டாவது, எதற்குச் செலவு செய்வது என்று முடிவு செய்யும் குழுவில் பாதிப்பேர் அவர்களாக இருக்கட்டும். வரவு செலவு அங்கே நடக்கும் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப்படட்டும். மூன்றாவது, நம்மில் வக்கீல் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார். பணத்தைவிட இவர்கள் நேரம்தான் பெரிய மூலதனம். எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலுக்கு எந்தத் தாளோடு போக வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை, ஐந்து வருஷத்துக்கு, அதைக் கொடுப்போம்.

இன்று வங்கிக் கணக்கு தொடங்குவது அவ்வளவு கஷ்டம் இல்லை. 2014-ல் ஜன்தன் திட்டமும் வந்தது. அந்த அம்மா இன்று வந்தால் அரை மணி நேரத்தில் பாஸ் புத்தகத்தோடு போவார். ஆனால் அவர் 1980-ல் வந்தார். என்னிடம் வந்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாக என் கணக்கில் நிற்கும் கடன் அது. அவரிடம் திருப்பிக் கட்ட வழியில்லை. வாய்க்கால் கரையில் கட்டலாம் என்று பார்க்கிறேன்.

விழாவின் இரண்டாம் நாள் பொதுக்குழுவில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. கை தூக்குகிறவர்கள் ஒரு சனிக்கிழமையையும் சேர்த்துத் தூக்குங்கள். வளைவு வேண்டும் என்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அடுத்த வருஷம் கட்டிக்கொள்ளலாம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன்.