நாற்காலி திரும்ப இடம் வேண்டும். அந்த இடத்துக்கு வரி வேண்டாம்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்த நெசவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் ஜரிகை விலையைப் பற்றியும் நமக்குப் பின்னால் பேசும் தோழர்கள் விரிவாகச் சொல்வார்கள். நாம் ஒரு வாசற்படியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

சென்ற மாதம் சந்தா வசூலுக்காக இந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் ஒரு பெரியவர். முப்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்தவர். பக்கவாதம் வந்து ஒரு காலும் ஒரு கையும் விழுந்துவிட்டன. மிதியை மிதித்த கால் இன்று தரையில் ஊன்றவில்லை. சர்க்கார் கொடுத்த சக்கர நாற்காலி திண்ணையில் நிற்கிறது. உள்ளே வர அதற்கு வழியில்லை. தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி. திண்ணையிலிருந்து நடைக்கு ஒரு நிலை. நடை தாண்டினால் கூடம், கூடத்தில் தறி. தறிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகலாம், நாற்காலி போகாது. கழிவறையோ கொல்லைக் கோடியில்.

நம் முன்னோர் இந்த வீடுகளைத் தறிக்காகக் கட்டினார்கள். பாவுக்கு நீளம் வேண்டும், அகலம் எதற்கு என்று கட்டினார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் தறியில் உழைத்தவனே விழுந்த பிறகு, அவன் உடம்புக்கு அந்த வீட்டில் இடமில்லை.

மகன் கடன் வாங்கியிருக்கிறான். படியின் மேல் சாய்தளம் போட வேண்டும், நிலையை அகலப்படுத்த வேண்டும், கூடத்தை ஒட்டி எட்டடிக்கு ஆறடியில் கைப்பிடி வைத்த கழிவறை ஒன்று கட்ட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு மருமகள் கேட்டார்: “இதையும் சேர்த்து அளந்தா வீட்டு வரி ஏறுமா தோழர்? மாமாவுக்காகத்தானே கட்டறோம்?”

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. விசாரித்துப் பார்த்ததைத்தான் இன்று சொல்கிறோம்.

ஏறும், தோழர்களே. சொத்து வரிக்குக் கணக்கு கட்டடத்தின் பரப்பு, அது இருக்கும் பகுதி, அதன் உபயோகம். 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோது, சென்னை நீங்கலான ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு. 601 முதல் 1,200 வரை 50 சதவீதம். அதற்கு மேல் 75, 100 என்று போனது. ஒரு வீடு 590 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு வரி 800 ரூபாய். அது அன்று 1,000 ரூபாய் ஆனது. அதே வீட்டுக்காரன் நோயாளித் தகப்பனுக்காக 48 சதுர அடியில் கழிவறை கட்டியிருந்தால் வீடு 638 அடி. கோடு தாண்டிவிட்டது. 800 ரூபாய் 1,200 ஆகிறது. பரப்புக் கூடியதற்கான வரி வேறு. காலம் தவறினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி வேறு.

மேல்மாடியில் விருந்தினர் அறை கட்டுகிறவனும் 48 அடிதான் கட்டுகிறான். முடங்கிய தகப்பனுக்குக் கழிவறை கட்டுகிறவனும் 48 அடிதான் கட்டுகிறான். அளக்கும் நாடாவுக்கு இரண்டும் ஒன்று. அளக்க வருகிற ஊழியரைக் கோபித்துப் பயனில்லை. அவர் விதிப்படி அளக்கிறார். விதியில்தான் ஓட்டை.

இந்தக் கேள்வியை வேறெங்காவது கேட்டிருக்கிறார்களா என்று தேடினோம். பிரிட்டனில் கேட்டிருக்கிறார்கள், பதிலும் வாங்கியிருக்கிறார்கள். அங்கே 1978-லேயே, ஊனமுற்றவருக்காக வீட்டில் செய்த வசதிகளுக்கு ஸ்தல வரியில் கழிவு தரச் சட்டம் வந்தது. பிறகு தாட்சர் அம்மையாரின் சர்க்கார் வீட்டு வரியையே ஒழித்துத் தலைவரி போட்டது. பிரபுவுக்கும் தோட்டக்காரனுக்கும் ஒரே வரி! ஸ்காட்லாந்தில் 1989-ல் தொடங்கி, 1990-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வந்தது. ஜனங்கள் கட்ட மறுத்தார்கள். 1990 மார்ச் 31-ந் தேதி லண்டன் டிரபால்கர் சதுக்கம் கொந்தளித்தது. அந்த வருஷமே அம்மையார் பதவி இழந்தார், 1993-ல் தலைவரியும் போயிற்று. அதன் இடத்தில் வந்த வரிக்குக் கவுன்சில் வரி என்று பெயர்.

அந்த வரியில் வீடுகளை மதிப்புப்படி ஏ முதல் எச் வரை எட்டுப் படிகளாகப் பிரித்தார்கள். ஊனமுற்றவர் வாழும் வீட்டில் மூன்றில் ஒன்று இருந்தால் போதும்: அவர் பெரும்பாலும் உபயோகிக்கும் தனி அறை, அவருக்காகக் கூடுதலாக அமைத்த குளியலறை அல்லது சமையலறை, வீட்டுக்குள் சக்கர நாற்காலி ஓடத் தேவையான இடம். அது அவருடைய நலத்துக்கு அவசியமானதாக இருக்க வேண்டும். இருந்தால் வரி ஒரு படி கீழே இறங்கும். ஒன்பது பங்கு கட்ட வேண்டிய நடுத்தர வீடு எட்டுப் பங்கு கட்டும். வரி கட்டுகிறவரே ஊனமுற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தையாக இருக்கலாம், கிழவியாக இருக்கலாம். அந்த வீட்டில் வாழ்ந்தால் போதும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு வேடிக்கை உண்டு. ஏ என்பது கடைசிப் படி. மிகச் சிறிய வீடுகளின் படி. அதற்குக் கீழே படி இல்லை. ஆகவே ஏ வீட்டுக்காரனுக்குச் சலுகையும் இல்லை! மாளிகைக்குக் கழிவு, குடிசைக்குக் கிடையாது. இங்கிலாந்தில் ஏழு வருஷம் இப்படியே ஓடி, 2000-த்தில்தான் திருத்தினார்கள். ஏ வீட்டுக்கு வரியில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. கோரிக்கையை எழுதும்போதே கடைசி வீட்டை நினைத்து எழுதாவிட்டால் இதுதான் கதி.

நம் நாட்டிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டோம். டில்லி மாநகராட்சியில் ஊனமுற்றவருக்குச் சொத்து வரியில் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. 200 சதுர மீட்டர் வரை, சொந்தக் குடியிருப்புக்கு. நல்லதுதான். ஆனால் பத்திரம் அவர் பெயரில் இருக்க வேண்டும். பத்து வயதுப் பெண் குழந்தை நடக்க முடியாமல் கிடக்கிறாள், அவள் பெயரில் பத்திரம் ஏது? பிரிட்டன் விதி, யார் வாழ்கிறார் என்று பார்க்கிறது. டில்லி விதி, யார் உடைமையாளர் என்று பார்க்கிறது. நமக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. இங்கே பாதிப்பேர் வாடகை வீட்டில் தறி போட்டிருக்கிறவர்கள். வரியை வீட்டுக்காரர் கட்டுவார், வாடகையில் ஏற்றி நம்மிடம் வாங்கிக்கொள்வார். கழிவு கொடுத்தால் அது குடியிருப்பவர் வாடகையில் இறங்க வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

இது நெசவாளி பிரச்னை மட்டும்தானா? மில்லில் இயந்திரத்தில் கை போன தோழருக்கு ஈ.எஸ்.ஐ. மாதாமாதம் பணம் தருகிறது. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் ஒற்றைக் கையால் குழாய் திறக்க, கதவு தள்ள அவர் வீட்டை மாற்றினால் அந்தச் செலவு அவருடையது, வரியும் அவருடையது. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த விவசாயத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. கிராமத்தில் வீட்டு வரி ஊராட்சிக்குப் போகிறது, தொகை சிறிது. அங்கே தொல்லை வரியைவிட இடந்தான். கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். அடுப்பும் படுக்கையும் போட்ட பிறகு அந்த ஐந்தடி எங்கே? 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவரைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக உதவி தரவும் சொல்கிறது. ஒதுக்கிய வீட்டில் வாசல் அகலமாக இருக்கிறதா என்றும் நாம் போய்ப் பார்க்க வேண்டும். ‘ஊனமுற்றோர்’ என்ற பெயரை ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாற்றினார்கள், மரியாதையான காரியம். வாசற்படி மட்டும் அப்படியே நிற்கிறது.

“வரியைக் குறைத்தால் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பணம் எங்கிருந்து வரும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஒதுக்கிவிட முடியாது. வரியே கூடாது என்று நாம் பேசவில்லை. ஆனால் 2022-ல் மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்து வரியை நீக்கினார்கள். 2023-ல் கேரளத்தில் 60 சதுர மீட்டர் வரையுள்ள வீடுகளுக்கு நீக்கினார்கள். நாம் கேட்பது அதில் சிறு துளி. சாய்தளத்தையும், அகலப்படுத்திய நடையையும், ஊனமுற்றவருக்கான கழிவறையையும் அறையையும் பரப்புக் கணக்கில் சேர்க்காதே. அவர் வாழும் வீட்டுக்கு வரியில் ஒரு பங்கு தள்ளிக் கொடு. சாக்கடை மேல் போட்ட சாய்தளத்தை ஆக்கிரமிப்பு என்று இடிக்காதே. தூர்வாரக் கழற்றி மாட்டும்படி இரும்பில் போட அனுமதி கொடு. அவ்வளவுதான்.

விதியை மாற்றுவது மாநில சர்க்கார் கையில் இருக்கிறது. ஆனால் தீர்மானம் இங்கிருந்து போகலாம். இந்த ஊர் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று, 51 வார்டு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்க 2025-ல் சட்டசபையில் சட்டத் திருத்தம் நிறைவேறியது. மன்றத்தில் இதைப் பேச அவரைவிடப் பொருத்தமானவர் யார்? அவரிடமும் நம் வார்டு உறுப்பினர்களிடமும் மகஜர் கொடுப்போம்.

அதற்கு முன் ஒரு வேலை. எத்தனை வீடு என்று தெரியாமல் மகஜர் எழுத முடியாது. நாளை முதல் தெருவுக்கு இரண்டு தோழர்கள் அளவு நாடாவோடு வருவார்கள். வீட்டில் முடியாதவர் இருந்தால் அடையாள அட்டையையும் கடைசி வரி ரசீதையும் எடுத்து வையுங்கள். வாசலின் அகலம், படியின் எண்ணிக்கை, கழிவறை எவ்வளவு தூரம் என்பதைக் குறித்துக்கொள்வார்கள். அட்டை இல்லாதவர் பெயரையும் விடாமல் எழுதுவார்கள். அக்டோபரில் அடுத்த அரையாண்டு வரி தொடங்குகிறது; அதற்கு முன் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் போகிறோம். அந்தப் பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார். அவரைத் திண்ணையிலிருந்து இறக்க நான்கு பேர் வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள்.