மண் திரும்பும் ஆண்டுகள்

(பங்கின் வெள்ளிவிழாவையொட்டிக் கூடிய உழவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இயற்கை வேளாண்மை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். ஏர் பிடித்தறியாத நாம் உங்களுக்கு உழவு சொல்லித் தருவது முறையன்று. ஆகவே இம்முறை உலகிலும் நம் நாட்டிலும் எவ்வாறு வளர்ந்தது, அதன் செலவை எவர் சுமந்தனர் என்பதை மட்டும் கூறுவோம்.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்து நமக்கு அனுப்பிய சரக்கு என்று பலர் எண்ணுகின்றனர். நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் 1905-ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். இந்திய விவசாயியைத் திருத்த வந்தவர், அவனிடமே பாடம் கேட்கத் தொடங்கினார். விவசாயிகளும் பூச்சிகளுமே தமக்கு ஆசிரியர்கள் என்று பின்னாளில் எழுதினார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது அவர் வகுத்ததே 'இந்தூர் முறை'. செத்தை, இலைதழை, சாணம், தொழுவத்தில் மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, மூன்று முறை புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் நல்ல எரு கிடைக்கும். நம் வீட்டுக் குப்பைக்குழியைச் சற்று ஒழுங்குபடுத்தினால் இதுதான்! இதில் அவரோடு உழைத்து, 1931-இல் வெளிவந்த நூலையும் சேர்ந்து எழுதியவர் யஷ்வந்த் வாட் என்னும் இந்தியர். அவர் பெயரைச் சொல்வோர் மிகச் சிலரே.

ஹோவர்டின் கருத்துகள் அங்கிருந்து கடல் கடந்தன. அமெரிக்காவில் ரொடேல் 1942-இல் இதற்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபர் அம்மையார் முதலானோர் 1946-இல் மண் சங்கம் அமைத்தனர். 1972-இல் பிரான்சிலுள்ள வெர்சாயில் உலகக் கூட்டமைப்பும் தோன்றியது.

அதே காலத்தில் நம் நாடு வேறு பாதையில் சென்றது. அதைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. 1960-களின் நடுவில் மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கிய நாடு இது. ஐ.ஆர். 8, ஏ.டி.டி. 27 போன்ற நெல் ரகங்களும் யூரியாவும் பல இலட்சம் வயிறுகளை நிரப்பின. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, அதே விளைச்சலுக்குக் கூடுதல் உரம் தேவைப்பட்டது. ஆட்டுக்கிடையும் கொழிஞ்சியும் வயலை விட்டுப் போயின. 1960-களில் கோவில்பட்டி அரசுப் பண்ணையில் பணியாற்றிய நம்மாழ்வார் அவர்கள் அப்பணியைத் துறந்து, 2013-இல் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று இதைத்தான் எடுத்துரைத்தார்.

இவ்வளவும் கேட்ட நம் பங்கின் உழவர் ஒருவர் ஒருநாள், "சாமி, மண்ணு திரும்ப மூணு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் கடன்காரன் சும்மா இருப்பானா?" என்று கேட்டார். அக்கேள்வியை நாம் இன்றும் மறக்கவில்லை. இயற்கை வேளாண்மை வென்ற இடங்களிலும் தோற்ற இடங்களிலும் இக்கேள்வியே அடிப்படையாக இருந்திருக்கின்றது.

ஜப்பானில் 1970-களில் உணவில் நஞ்சு கலப்பதைக் கண்டு அஞ்சிய நகரத்துத் தாய்மார் உழவரைத் தேடிச் சென்றனர். விளைந்ததை எல்லாம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று உடன்படிக்கை செய்து, களை பறிக்கவும் வயலுக்கு வந்தனர். 'தெய்கெய்' என்பது இவ்வுடன்பாட்டின் பெயர். அங்கே உண்பவர் சுமையைப் பகிர்ந்துகொண்டார்.

சிக்கிம் மாநிலம் 2003-இல் முடிவெடுத்து, 2016-இல்தான் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. முன்னமே இரசாயனம் குறைவாக இட்ட மலைநாட்டிற்கே இத்தனை ஆண்டுகள்! அங்கும் விளைச்சலுக்கேற்ற விலை இல்லை என்ற முறையீடு எழுந்தது.

இலங்கையிலோ 2021-ஆம் ஆண்டில், ஓர் ஆணையால் இரசாயன உர இறக்குமதியையே நிறுத்தினர். எருவுக்கு ஏற்பாடில்லை, உழவருக்கு அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் வெகுவாகச் சரிந்தது. நம் மொழி பேசும் தொழிலாளர் உழைக்கும் தேயிலைத் தோட்டங்களும் அடிபட்டன. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டனர். இதை இயற்கை வேளாண்மையின் தோல்வி என்போர் உளர். அவசரத்தின் தோல்வி என்பதே நம் கருத்து.

2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 9.9 கோடி ஹெக்டேர் நிலம் இம்முறையில் உள்ளது. மொத்த வேளாண் நிலத்தில் இது நூற்றுக்கு இரண்டளவே. இதில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவில், அதுவும் பெரும்பாலும் மேய்ச்சல் தரை. ஆனால் உழவர் தலைகளை எண்ணினால் நம் நாடே முதலிடம், 20 இலட்சத்திற்கும் மேல். நிலம் அவர்களிடம், ஏழைகள் நம்மிடம் என்று கொள்ளலாம்.

இந்த ஏழை உழவருக்குத்தான் சான்றிதழ் பெரும் இடையூறு. 2000-இல் வந்த தேசியத் திட்டப்படி நெல் போன்ற பயிருக்கு இரண்டாண்டும், தென்னை போன்றவற்றுக்கு மூன்றாண்டும் நிலம் மாற்றக் காலத்தில் இருக்கவேண்டும். அதுவரை உழைப்பு புதுமுறையில், விலை பழைய விலை. ஆய்வுக் கட்டணம் வேறு. இதற்கு மாற்றாகப் பங்கேற்பு உறுதியளிப்பு முறை ஒன்றும் உள்ளது. குறைந்தது ஐந்து உழவர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி கூறுவர். ஏற்றுமதிக்கு இது செல்லாது. உள்ளூர் விற்பனைக்குப் போதும்.

நம் பங்கில் ஐந்து பேர், ஆளுக்கு அரை ஏக்கர் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். முழு வயலையும் ஒரே போகத்தில் மாற்றவேண்டாம். வயல் இல்லாத குடும்பங்கள், மூன்றாண்டுகளுக்கு அவர்களிடமே அரிசி வாங்க முன்வரவேண்டும். முதல் போகம் குறைந்தாலும் பேசிய விலை குறையக்கூடாது. இதற்கென ஒரு பேரேடு பங்கு அலுவலகத்தில் இன்று மாலை முதல் வைக்கப்படும். அரிசியில் கல் கிடந்தால் நம்மிடம் வந்து சொல்லுங்கள். விலையை மட்டும் உழவரும் வாங்குவோரும் நேரே உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதில் நம்மை இழுக்க வேண்டாம்.