விசையும் நிறையும்

1969 ஜூலை 16 அன்று மூவரைச் சுமந்து சந்திரனை நோக்கிப் புறப்பட்ட சாட்டர்ன் ராக்கெட்டையே நான் சான்றாகக் கொள்கிறேன். அதன் எடை ஏறத்தாழ 2,900 டன். ஐந்து எஞ்சின்களின் உந்துவிசை சுமார் 3,400 டன். எடையைத் தாங்கியது போக எஞ்சிய 500 டன் விசைதான் அதனை முடுக்கிற்று. அத்துணைப் பெரிய நிறைக்கு இது சொற்பமே. ஆதலால் படுத்த யானை எழுவதுபோல் மெல்ல எழுந்தது.

ஆனால் எரிபொருளும் திரவப் பிராணவாயுவும் விநாடிக்குச் சுமார் 13 டன் தீர்ந்தன. உந்துவிசை குறையவில்லை, நிறையோ குறைந்துகொண்டே வந்தது. முடுக்கம், அதாவது வேக வளர்ச்சி, ஏறிக்கொண்டே போயிற்று. அப்படியே விட்டால் கலத்தின் மீதும் வீரர் மீதும் அழுத்தம் அளவு மீறும். எனவே 135ஆம் விநாடியில் நடு எஞ்சினை நிறுத்திவிட்டனர். விரைந்து செல்லப் புறப்பட்டவர்கள் விசையைக் குறைத்தது வேடிக்கைதான்! மற்ற நான்கும் மேலும் 26 விநாடிகள் எரிந்தன. அதற்குள்ளாகவே வீரர்கள் தம் எடை நான்கு மடங்கானதுபோல் இருக்கையில் அழுந்தினர்.