வாசலை அடைக்காத வாப்பா

(கருக்களாச்சேரியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை.)

 

‘மன்னிக்கும் தந்தை’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சமுதாயப் பிரச்சினைகள் எவ்வளவோ கிடக்க, வீட்டுப் பிரச்சினையை மேடையில் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். நான் திருப்பிக் கேட்கிறேன். வீட்டுக்குள் வாப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. கடைத்தெருவில் அண்ணன் கடைக்கு எதிரே தம்பி கடை போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இப்படிப்பட்ட ஊரில் ‘ஒன்றுபடுங்கள்’ என்று நாம் ஒட்டுகிற சுவரொட்டி யாரை ஒன்றுபடுத்தும்? வீடு உடைந்தால் மஹல்லா உடையும். மஹல்லா உடைந்தால் சமுதாயத்தின் குரல் எங்கே எடுபடும்?

‘எனக்குக் குடும்பம்தான் பெரிது, மற்றதெல்லாம் அப்புறம்’ என்று சொல்லாத தகப்பன் இல்லை. சபர் போகிறவரும் அதையே சொல்லித்தான் போகிறார். விடியற்காலையில் கடையைத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவரும் அதையே சொல்கிறார். அந்தச் சொல் மெய்தானா என்பது பிள்ளை முதல் மார்க் வாங்கும்போது தெரியாது. பிள்ளை தவறு செய்யும்போதுதான் தெரியும்.

யஃகூப் நபியின் வீடு

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு நாம் அறியாததல்ல. பொறாமை கொண்ட சகோதரர்கள் சிறுவனைக் கிணற்றில் போட்டார்கள். பொய் இரத்தம் தோய்த்த சட்டையைக் கொண்டுவந்து வாப்பாவிடம் காட்டி ஓநாய் தின்றுவிட்டதாக அழுதார்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள் ஏமாந்தார்களா? இல்லை. இது நீங்கள் புனைந்து கொண்டுவந்த கதை என்பதை அவர்கள் முகத்துக்கு நேராகவே உணர்த்திவிட்டார்கள். பொறுமையைக் கைக்கொண்டு அல்லாஹ்விடம் உதவி தேடினார்கள்.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். பொய்யைப் பொய் என்று சொன்ன அந்தத் தந்தை, பொய் சொன்ன பிள்ளைகளை வீட்டை விட்டு விரட்டவில்லை. ஆண்டுகள் ஓடின. அழுது அழுது கண்பார்வையே போனது. அப்போதும் அதே பிள்ளைகளோடுதான் இருந்தார்கள். பஞ்சம் வந்தபோது மிஸ்ர் நாட்டுக்குத் தானியம் வாங்கப் போனவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம். ‘யூசுஃபையும் அவர் தம்பியையும் தேடிப் போங்கள், நம்பிக்கை இழக்காதீர்கள்’ என்ற கருத்தில் அந்தத் தந்தை அனுப்பிவைத்ததும் அவர்களைத்தான்.

அன்றே ஆத்திரத்தில் அவர்களை அடித்து விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மகனை இழந்த வீடு பதினோரு மகன்களை இழந்திருக்கும். யூசுஃபைக் கண்டுபிடித்துச் சேதி சொல்ல வாசலில் ஆளே இருந்திருக்காது. குற்றம் செய்த கால்கள்தாம் கடைசியில் யூசுஃபைத் தேடி நடந்தன. வாப்பா வாசலை அடைக்காததால்தான் அந்தக் கால்கள் திரும்பி வந்தன. இறுதியில் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டபோது, உங்களுக்காக என் இறைவனிடம் பாவமன்னிப்புத் தேடுவேன் என்ற பதிலே கிடைத்தது.

ஒரு வணிகரின் சத்தியம்

இங்கே வணிகர்கள் நிறைய இருக்கிறீர்கள். ஆகவே ஒரு துணி வியாபாரியின் செய்தியைச் சொல்கிறேன். அவர்தாம் ஹஸ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள். மிஸ்தஹ் என்று ஓர் ஏழை உறவினர். அவருடைய செலவை அபூபக்ர் (ரலி) அவர்கள்தாம் ஏற்று நடத்தி வந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது, அந்தப் பேச்சில் மிஸ்தஹும் சேர்ந்துகொண்டார். நம் வீட்டு உப்பைத் தின்றவன் நம் மகளைப் பற்றித் தெருவில் பேசினால் நமக்கு எப்படி இருக்கும்? அபூபக்ர் (ரலி) அவர்களும் மனிதர்தாமே. இனி இவருக்கு ஒரு காசும் தரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்நூர் அத்தியாயத்தில் வசனம் இறங்கியது. வசதியுள்ளவர்கள் உறவினருக்குக் கொடுப்பதை நிறுத்திச் சத்தியம் செய்ய வேண்டாம், இறைவனின் மன்னிப்பை விரும்புகிறவர்கள் பிறரை மன்னிக்கட்டும் என்பது அதன் கருத்து. அந்தத் தந்தை உடனே உதவியைத் திரும்பத் தொடங்கினார்கள். இனி நிறுத்தவே மாட்டேன் என்றும் சொன்னார்கள்.

அவதூறு பேசியவர்களுக்கு அதற்குரிய தண்டனை கிடைத்தது. மிஸ்தஹுக்கும் கிடைத்தது என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தண்டனை ஒருபக்கம் நடந்தது. மாதப்படி இன்னொரு பக்கம் போனது. மன்னிப்பது என்றால் குற்றத்தை மூடி மறைப்பது என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசன்சோல் காட்டிய வழி

‘அதெல்லாம் நபிமார்கள் காலம், ஸஹாபாக்கள் காலம். இந்தக் காலத்தில் யாரால் முடியும்?’ என்று இளைஞர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நம் காலத்தில், நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

2018 மார்ச் இறுதி. மேற்கு வங்காளத்தின் ஆசன்சோல் நகரம். ராமநவமி ஊர்வலத்தை ஒட்டி ராணிகஞ்சில் மூண்ட கலவரம் ஆசன்சோலுக்கும் பரவியது. அங்கே நூரானி மஸ்ஜிதின் இமாம் மௌலானா இம்தாதுல்லாஹ் ரஷீதி. அவருடைய பதினாறு வயது மகன் அப்போதுதான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தான். கலவரத்தில் காணாமல் போன அந்தப் பிள்ளை மய்யித்தாகத்தான் கிடைத்தான்.

ஜனாஸாவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். இளைஞர்களின் இரத்தம் கொதித்தது. அந்தத் தந்தையின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்திருந்தால் போதும், ஊர் எரிந்திருக்கும். வந்தது வேறு சொல். என் மகனை இழந்துவிட்டேன், இன்னொரு வீட்டில் இன்னொரு தகப்பன் மகனை இழக்க வேண்டாம் என்றார். என் மீது அன்பிருந்தால் ஒரு விரலைக்கூட உயர்த்தாதீர்கள், மீறிப் பழிவாங்கப் புறப்பட்டால் இந்தப் பள்ளிவாசலையும் இந்த ஊரையும் விட்டே போய்விடுவேன் என்றார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தொழவைத்த இமாமின் சொல் அது. கூட்டம் கலைந்து வீடு திரும்பியது.

இவர் மகன் மீது பாசம் இல்லாதவரா? பாசம் என்னவென்று அறிந்ததால்தான் அடுத்தவர் வீட்டுப் பிள்ளையும் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்தது. அங்கே திரண்டு நின்ற நம் வீட்டு இளைஞர்கள் வழக்கிலும் சிறையிலும் சிக்காமல் காத்ததும் அந்தத் தந்தைதான். ‘குடும்பம்தான் பெரிது’ என்ற சொல்லை அவர் சொன்ன விதம் அது.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன் நகரில் 2015ல் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்த ஸலாஹுத்தீன் என்ற 22 வயது இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய வாப்பா அப்துல் முன்இம் ஜித்மூத், தாய்லாந்திலிருந்து சென்றவர், கல்வியாளர். 2017 நவம்பரில் நீதிமன்றத்தில் தண்டனை அறிவிக்கும் நேரத்தில், குற்றவாளிக் கூண்டில் நின்ற இளைஞனை மன்னிப்பதாகச் சொல்லி, நெருங்கிப் போய்க் கட்டி அணைத்தார். அந்த இளைஞனும் அழுதான், அவன் தாயும் அழுதார். ஆனால் நீதிமன்றம் விதித்த 31 ஆண்டுச் சிறை அப்படியே நின்றது. வழக்கைச் சட்டம் பார்த்துக்கொண்டது. பகையை அந்தத் தந்தை முடித்துவைத்தார்.

டெல்டாவுக்கு வந்த மன்னிப்பு

இன்னும் பக்கத்தில் வருவோம். நம் பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சகோதரர் ஒருவர், முஸ்லிம் அல்லாதவர், குவைத்தில் வேலை பார்த்தார். 2013ல் கூடத் தங்கியிருந்த மலப்புரம் மாவட்டத்து முஸ்லிம் தொழிலாளி கொல்லப்பட்ட வழக்கில் இவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கொல்லப்பட்டவரின் குடும்பம் மன்னித்தால்தான் உயிர் தப்பும். 2017ல் இவருடைய மனைவி கேரளத்துக்குப் போய் பாணக்காடு முனவ்வர் அலி ஷிஹாப் தங்ஙளிடம் முறையிட்டார். 30 லட்சம் ரூபாய் ஈட்டுத்தொகை சேர்ந்தது. அதில் பெரும்பகுதி நல்லவர்கள் தந்தது. கணவனை இழந்த அந்த மலப்புரத்துச் சகோதரி மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். தூக்குக் கயிறு விலகியது.

சகோதரர்களே, கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் கையெழுத்திட முடிகிறது. கடையில் நஷ்டம் வைத்த மகனை மன்னிக்க நமக்கு ஏன் கை வரவில்லை?

நம் வீடுகளில் நடப்பது என்ன?

மறைக்காமல் பேசுவோம். தமிழ்நாட்டை விட இங்கே சாராயம் மலிவு என்று பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் காரைக்காலுக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகள் பயணம்கூடப் போக வேண்டியதில்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளை அதில் விழுகிறான். வாப்பா என்ன செய்கிறார்? ‘என் மூஞ்சியில் முழிக்காதே’ என்கிறார். வாசல் அடைகிறது. அவன் எங்கே போவான்? எவன் ஊற்றிக் கொடுத்தானோ அவனிடமே போவான்.

இன்னொரு பிள்ளை வெளிநாட்டில் ஏமாந்து கடனோடு திரும்புகிறான். வேறொரு வீட்டில் மகள் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகத் திருமணம் செய்துகொள்கிறாள். ‘செத்துவிட்டாள் என்று தலைமுழுகிவிட்டேன்’ என்கிறார் தகப்பன். அவள் அங்கே அடி வாங்கினாலும் திரும்பி வர ஒரு வாசல் இல்லை.

மன்னியுங்கள் என்றால், எல்லாவற்றையும் விட்டுக்கொடுங்கள் என்று பொருளல்ல. குடித்த பிள்ளையிடம் கல்லாச் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆனால் சோற்றுத் தட்டை எடுத்துவிடாதீர்கள். சிகிச்சைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். நஷ்டம் வைத்தவனை உட்காரவைத்துக் கணக்கு எழுதுங்கள். எவ்வளவு போயிற்று, யாருக்குத் தரவேண்டும், எப்போது அடைப்பது என்று பேசுங்கள். யஃகூப் நபியைப் போல, பொய்யைப் பொய் என்று சொல்லுங்கள், பிள்ளையைப் பிள்ளையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையை மன்னிக்கிறேன் என்று மற்றப் பிள்ளைகளுக்கு அநீதி செய்யக் கூடாது. பஷீர் (ரலி) என்ற தோழர் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்குச் சாட்சியாக இருக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். அதேபோல், கோபத்தில் ‘உனக்குச் சல்லிக்காசு கிடையாது’ என்று உயில் எழுதவும் நமக்கு உரிமை இல்லை. வாரிசுகளின் பங்கை நிர்ணயித்தவன் அல்லாஹ். குடும்பம் எல்லாவற்றுக்கும் மேல்தான், ஆனால் நீதிக்கு மேல் அல்ல. பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பதே மார்க்கத்தின் கட்டளை. என் மகன் என்பதற்காகக் குற்றத்தை மறைத்துப் போலீஸ் ஸ்டேஷனில் பணம் கட்டுவது பாசமல்ல. அவனை ஒப்படைத்துவிட்டு, வழக்குக்கும் ஜாமீனுக்கும் கூடவே நிற்கிறவர்தான் தகப்பன்.

இளைஞர்களுக்கு

இளைய சகோதரர்களே, வாப்பா மன்னித்தால் அதை ஏமாளித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். கடையில் சரக்கைக் கடனாகக் கொடுக்கிறவர் வாங்கியவனுக்கு நாணயம் இருக்கிறது என்று நம்பித்தான் கொடுக்கிறார். மன்னிப்பும் அப்படித்தான். தவணை தவறாமல் அடைக்க வேண்டிய கடன் அது. யூசுஃப் நபியின் சகோதரர்கள் ‘தவறு செய்தது நாங்கள்தாம்’ என்று வாயைத் திறந்து சொன்னார்கள். நீங்களும் சொல்லுங்கள். ‘வாப்பா, நான் செய்தது தப்பு’ என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

வாப்பாவும் மனிதர்தான், தவறுவார். பள்ளிக்கூடம் அனுப்பாமல் கடையில் நிறுத்தியிருப்பார், பத்து வருடம் சபரில் இருந்து உன் குழந்தைப் பருவத்தைப் பார்க்காமலே விட்டிருப்பார். அவரை மன்னிக்கிற பொறுப்பு உங்களுக்கு உண்டு.

கருக்களாச்சேரிக் கடற்கரையில் நின்று இதைப் பேசுகிறேன். 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரை நெடுகிலும் எத்தனையோ வீடுகளில் முதல் நாள் இரவின் கோபம் பாக்கி இருந்திருக்கும். விடிந்து பேசிக்கொள்ளலாம் என்று படுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அலை வந்து போன பிறகு மன்னிக்கவும் ஆளில்லை, மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். எவர் வீட்டில் பேச்சு நின்றிருக்கிறதோ, அவர் இஷா தொழுகைக்குப் பின் இன்றே அந்த வாசலுக்குப் போகட்டும். மகன் துபாயில் இருந்தால், பிரான்ஸில் இருந்தால், போனை எடுக்கட்டும். யார் முதலில் பேசுவது என்று பார்க்க வேண்டாம். மூத்தவர் தாமே தொடங்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் பாகப் பஞ்சாயத்துக்கு மட்டும் உட்காராமல், பிரிந்த வாப்பாவையும் மகனையும் சேர்த்துவைக்கவும் உட்காரட்டும்.

நம் வீட்டு வாசல்களைத் திறந்து வைக்கும் நல்ல மனதை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. வஸ்ஸலாம்.